பாஸ்குவுக்கு ஒரு பனிஸ்

தோட்டத்துக் கடைப் பனிஸை, அந்த உருண்டை ரொட்டியை, கையில் வாங்கியதும் பெற்றீசியா அதைக் கடிக்கவில்லை. மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தவள், பனிஸின் உச்சந்தலையில் பெருவிரலை வைத்து ஓர் அமுக்கு அமுக்கினாள். குழி விழுந்தது. விழுந்த குழி விழுந்தபடியே கிடந்தது.

"எந்திரிக்க மாட்டேங்குதுங்க. இதுவும் என்னை மாதிரிதான் போலருக்கு" என்றாள்.

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்த பாவத்துக்குக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்க வேண்டியிருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அலோசியஸ், அவள் முதுகைத் தடவிக் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையை அந்தரத்தில் வைத்திருந்தான்.

"மேல பூரா சீனி வேற. இதுக்குள்ள இறைச்சிய வச்சா, கல்யாண வீட்டுல இழவு விழுந்த மாதிரி இருக்கும். மீனம்மா பிள்ளைகளுக்குக் குடுத்துருங்க."

அலோசியஸ் அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு தோட்டத்தில் லொறி ஓட்டினான். பெட்டி கட்டிய தேயிலையைத் தலவாக்கலை ஸ்டேஷனுக்கு இறக்குவதும், அரிசியும் உரமும் ஏற்றி வருவதும் அவன் வேலை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை விட்டுத் தள்ளி, தொழிற்சாலைக்குப் பின்னால் அவனுக்கு இரண்டு அறை கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அவனும் பெற்றீசியாவும்தான். நடுச் சுவருக்கு அந்தப் பக்கம் மீனம்மா தன் புருஷனோடும் பிள்ளைகளோடும் இருந்தாள். அவள் தொழிற்சாலையில் தேயிலை பொறுக்குகிறவள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பெற்றீசியாவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

விபூதிப் புதனுக்கு முதல் நாள்தான் நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து பெற்றீசியாவை அனுப்பி வைத்தார்கள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் நெஞ்சுக்குள் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. டொக்டர் அலோசியஸைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள், ஆசைப்பட்டதைக் கொடு என்று சிங்களத்தில் சொன்னார். மருந்துச் சீட்டை விட அந்தக் கடைசி வார்த்தைதான் அவனுக்குப் பாரமாக இருந்தது. மலைப்பாதையில் லொறியை மெல்ல உருட்டிக்கொண்டு வந்தவன், பக்கத்தில் போர்வைக்குள் சுருண்டிருந்தவளிடம் ஏதோ சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டான்.

"என்ன சாப்பிடணும் போல இருக்கு உனக்கு?"

அவள் யோசிக்கவே இல்லை. "பங்களா இறைச்சி பனிஸ்" என்றாள்.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் பல வருஷம் அவள் பெரிய பங்களாவில் ஆயாவாக இருந்தவள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சமையல்காரன் ஊருக்குப் போய்விடுவான். துரைசாணி அன்றைக்கு மட்டும் குசினிக்குள் வருவாள். அவள் அமெரிக்காவில் வளர்ந்தவளாம். மாட்டிறைச்சியைக் கொத்தி, மிளகு போட்டு, வடை மாதிரி தட்டி, பட்டரில் பொரித்து, இரண்டாகப் பிளந்த பனிஸுக்குள் வைத்து மூடுவாள். ஹம்பர்கர் என்று பேர் சொல்வாள். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, மேசைக்குப் போகாமல், அடுப்புப் பக்கத்தில் பெற்றீசியாவோடு நின்றபடியே தானும் ஒன்று சாப்பிடுவாள். அந்த ஒரு நேரம்தான் இரண்டு பேரும் ஒரே சாப்பாட்டை ஒரே மாதிரி, விரலிடுக்கில் சாறு வழிய, சாப்பிட்டது. அந்தக் குடும்பம் தோட்டத்தை விற்றுக் கப்பலேறிப் போய் வருஷக்கணக்காகிவிட்டது. நாக்கு மட்டும் அதை விட்டபாடில்லை.

மறுநாள் விபூதிப் புதன். தோட்டத்துச் சின்னக் கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் அலோசியஸுக்கு உறைத்தது. பாஸ்குவுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் தொடங்கிவிட்டது. அவன் அப்பன் காலத்திலிருந்து அந்த வீட்டில் தபசு காலம் முழுக்கச் சுத்தபோசனம்தான். இறைச்சிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால், பாஸ்குத் திருநாள் அன்று, ஆண்டவர் உயிர்த்த ஞாயிற்றுக்கிழமைதான் நிமிர்த்துவார்கள்.

வாசலில் தயங்கி நின்றவனின் நெற்றியைப் பார்த்ததுமே பெற்றீசியா புரிந்துகொண்டாள்.

"பாஸ்கு அன்னைக்குச் சாப்பிடுவோங்க. அதுக்குள்ள நல்ல பனிஸா ஒண்ணு தேடி வைங்க. இறைச்சி எங்க வாங்குனாலும் இறைச்சிதான். பனிஸுலதான் எல்லாம் இருக்கு."

அப்படித்தான் தேடல் ஆரம்பித்தது.

அவளுக்கு அதில் சட்டதிட்டங்கள் இருந்தன. இனிப்பு இருக்கக் கூடாது. அமுக்கினால் எழுந்து வர வேண்டும். உள்ளே சாறு இறங்கினால் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், சொதசொதத்துக் கையோடு வரக் கூடாது. மேல்தோல் மெத்தென்று இருக்க வேண்டும். "தோல் தடிச்ச பனிஸ்னா, கடிக்கிறப்ப இறைச்சி பின்பக்கமாத் தப்பிச்சு ஓடிப் போகும். துரைசாணி கவுன்ல ஒருநாள் அப்படித்தான் விழுந்துச்சு" என்றாள். இறைச்சி ஆகாத காலம் என்பதால், உருளைக்கிழங்கை அவித்துத் தட்டி உள்ளே வைத்து, பருப்புத் தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றிப் பரீட்சை பார்த்தார்கள்.

லிந்துலைப் பனிஸ் மூக்குக்குக் கிட்டே வந்தபோதே தோற்றுப்போனது. அங்கே மாவைக் கள்ளு ஊற்றிப் புளிக்க வைப்பார்கள்.

"இதைத் தின்னுட்டு நான் தள்ளாடினா, நோயால தள்ளாடுறேனா பனிஸால தள்ளாடுறேனான்னு உங்களுக்கே தெரியாது" என்று அதை ஒதுக்கினாள்.

தலவாக்கலைப் பனிஸ் பார்வைக்கு அழகு. அமுக்கினால் எழுந்தும் வந்தது. பருப்புத் தண்ணீர் பட்டதும் நனைந்த காகிதம் மாதிரி கரைந்து அலோசியஸின் விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஹட்டனில் ஒரு கடையில் விறகு அடுப்பில் சுட்ட பனிஸ் கிடைத்தது. வாசனை வீடு நிறைந்தது. ஆனால் மேல்தோல் மரப்பட்டை. அவளுக்கு அதைக் கடித்து இழுக்கவே மூச்சு போதவில்லை. லொறிக்கு ஒரு சாமான் வாங்க நோர்வூட் போனபோது வாங்கி வந்ததில் உலர்ந்த திராட்சைப் பழம் பதுங்கியிருந்தது.

"ஏங்க, கடைக்காரன்கிட்ட என்னன்னு கேட்டீங்க?"

"நல்ல பனிஸ் இருக்கான்னு கேட்டேன்."

"உங்ககிட்ட நல்ல பொண்ணு இருக்கான்னு யாராவது கேட்டா என்னைக் காட்டுவீங்களா? அவனவனுக்கு அவனவன் கடைச் சாமான்தான் நல்லது. சீனி இல்லாத, பழம் இல்லாத பனிஸ்னு கேக்கணும்."

கிளீனர் வீரய்யா பேரன் பேத்தி கண்ட ஆள். ஒவ்வோர் ஊரிலும் லொறியைப் பேக்கரி வாசலில் நிறுத்துவதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏப்பா டைவரு, தேயிலை லொறியா ஓட்டுறோம், பாண் வண்டியா ஓட்டுறோம்? நம்ம பொட்டிய எறக்கிப் பாத்தா கொழும்புக்காரன் பனிஸ் வாசம் அடிக்குதுன்னு திருப்பி அனுப்பிருவான் போலருக்கே."

"என் பொண்டாட்டி கேக்குறா, வீரய்யாண்ணே."

"அது தெரியாமலா இருக்கேன்? அந்தா அந்தச் சந்துல ஒரு கடை இருக்கு, அதையும் பாத்துட்டு வா. நான் வண்டியப் பாத்துக்கிறேன்."

சாயங்காலம் லொறிச் சத்தம் மேட்டில் கேட்டாலே பெற்றீசியா மீனம்மாவைக் கூப்பிட்டுத் தலையணையைச் சரிசெய்யச் சொல்லிவிடுவாள். அன்றைய பனிஸ் எந்த ஊர், கடை எப்படி, கடைக்காரன் தலையில் முடி உண்டா இல்லையா, எல்லாம் அவளுக்குத் தெரிய வேண்டும். அலோசியஸ் அதிகம் பேசாதவன். அந்த நாட்களில் அவன் பேசினான். இல்லாத கூட்டத்தையும் நடக்காத சண்டையையும் சேர்த்துக்கூடச் சொன்னான். மீனம்மா வாசல்படியில் உட்கார்ந்து, தோற்றுப்போன பனிஸ்களைத் தன் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

"அக்கா, பனிஸ் எத்தனைனாலும் நாங்க திம்போம். அந்த மாட்டுச் சட்டிய மட்டும் எங்க பக்கம் காட்டிராதீங்க. எங்க மாமியாளுக்குத் தெரிஞ்சா சுவத்தையே மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவும்."

"நீ பயப்படாத. நாத்தம் இந்தப் பக்கத்தோட நிக்கும்னு உங்க அண்ணன் உறுதி குடுத்திருக்காரு" என்பாள் பெற்றீசியா.

முதல் வாரம் பாதிப் பனிஸ் தின்றவள், அப்புறம் ஒரு கிள்ளு, அதற்கப்புறம் நுனிநாக்கில் ஒரு துணுக்கு என்று வந்து நின்றாள். கால் வீங்கி, மெட்டி கழன்று டப்பாவுக்குள் போனது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று தலையணை நான்காகி, பிறகு உட்கார்ந்தபடியே தூங்கப் பழகினாள். அலோசியஸ் இதையெல்லாம் பார்த்தும் பார்க்காதவனாக இருந்தான். பனிஸ் கிடைக்காத வரைக்கும் அவள் இருந்தாக வேண்டும் என்று மனதுக்குள் ஏதோ ஒரு முடிச்சு. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் கடைசியில் அந்தப் பனிஸ் கிடைத்தபோது அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை.

மருந்து வாங்க நுவரெலியாவுக்குப் போன நாள் அது. கடைத்தெருவின் கடைசியில், ஹோட்டல்களுக்கும் கிளப்புக்கும் மட்டும் சுட்டு அனுப்பும் ஒரு பேக்கரி. வெளியே விற்பதில்லை. பின்கதவு வழியாகத் தட்டு ஏற்றிக்கொண்டிருந்தவர்களிடம் சிங்களத்தில் பேச்சுக் கொடுத்து, மிச்சம் விழுந்த இரண்டை வாங்கினான். கைக்கு அடக்கமான உருண்டை. மேலே சீனியும் இல்லை, பளபளப்பும் இல்லை. பால் தடவிச் சுட்ட மங்கல் நிறம்.

பெற்றீசியா பெருவிரலை வைத்து அமுக்கினாள். விரலை எடுத்ததும் குழி மெல்ல மெல்ல நிரம்பி, இருந்த இடம் தெரியாமல் போனது. பிளந்து பார்த்தாள். பருப்புத் தண்ணீரை ஊற்றச் சொன்னாள். குடித்துக்கொண்டது. சிந்தவில்லை. ஒரு துணுக்கை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்க" என்றாள். ஏனோ அவள் குரலிலும் கொண்டாட்டம் இல்லை.

பாஸ்குவுக்கு முந்தின சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாக அவன் பேக்கரியில் சொல்லி வைத்தான்.

குருத்து ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை, நோயாளிகளைப் பார்க்கப் பங்குச் சாமியார் தோட்டத்துக்கு வந்தார். பெற்றீசியாவின் கைநாடியைப் பிடித்துப் பார்த்தவர், அலோசியஸைக் கேட்காமலே பையிலிருந்து தைலச் சிமிழை எடுத்தார். சாகக் கிடப்பவர்களுக்குச் செய்யும் அவஸ்தைப்பூசுதல் முடிந்தது. நெற்றியில் எண்ணெய் மினுங்க அவள் சாய்ந்திருந்தாள். சாமியார் அவளைப் பேச வைப்பதற்காகக் கேட்டார்.

"என்னம்மா, ஏதாவது சாப்பிடுகிறாயா?"

"பாஸ்குக்காகக் காத்துக்கிட்டிருக்கேன் சாமி."

அலோசியஸ்தான் விளக்கம் சொன்னான். இறைச்சி பனிஸ் ஆசை, தபசு காலம், ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லி வைத்திருப்பது, எல்லாம். சாமியார் அவனை ஒருமாதிரி பார்த்தார்.

"நோயாளிக்கு ஏதப்பா ஒருசந்தியும் சுத்தபோசனமும்? அது உனக்கும் எனக்கும்தான். இவள் கேட்ட அன்றைக்கே கொடுத்திருக்கலாமே. திருச்சபை இவளுக்கு எப்போதோ விலக்குக் கொடுத்துவிட்டது."

அவர் போன பிறகு அலோசியஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். காதில் அந்த ஒரு வார்த்தைதான் சுற்றிச் சுற்றி வந்தது. கேட்ட அன்றைக்கே. அவள் பாதிப் பனிஸ் தின்னக்கூடியவளாக இருந்த அன்றைக்கே.

"எனக்குத் தெரியாமப் போச்சே, பெற்றீசியா."

"எனக்குத் தெரியுங்க" என்றாள் அவள்.

அவன் திரும்பினான்.

"கன்னியாஸ்திரி மடத்துல வளந்தவ நான். சீக்காளிக்கு விலக்குன்னு ஞானோபதேசத்துல படிச்சிருக்கேன்."

"பின்ன ஏன் சொல்லல?"

அவள் மூச்சைச் சேர்த்துக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா, அன்னைக்கே அந்தச் சீனிப் பனிஸுல வச்சுக் குடுத்துட்டு, ஆசைய முடிச்சாச்சுன்னு மூலையில குந்தி அழுதிருப்பீங்க. அப்புறம் லிந்துலைக் கதையும் ஹட்டன் கதையும் யாரு எனக்குக் கொண்டு வருவா? லொறிச் சத்தம் கேக்கையில, இன்னிக்கு என்ன பனிஸோன்னு இருக்கும் பாருங்க. அதுக்காகத்தான்."

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் அவன் தலைமுடிக்குள் விரலை விட்டு அளைந்தாள்.

"ஆனா பாஸ்கு வரைக்கும் முடியாதுங்க. நாளைக்கே செஞ்சிருவோம்."

அவள் வாயால் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அன்று பொழுது சாயுமுன்பே அவன் லிந்துலைக்குப் போய் இறைச்சி வாங்கி வந்து, ஈரத் துணியில் சுற்றி ஜன்னலோரக் குளிரில் வைத்தான். விடிந்ததும் முதல் பஸ்ஸில் நுவரெலியாவுக்குக் கிளம்பினான். பனிஸோடு வந்து தானே சமைப்பதாக ஏற்பாடு. பின்கதவில் நின்ற பேக்கரிக்காரன், சனிக்கிழமைதானே சொன்னாய், இன்றைக்கு எல்லாம் ஹோட்டலுக்கு எண்ணிக் கட்டியாயிற்று என்று கையை விரித்தான். அலோசியஸ் விவரம் சொல்ல வாயைத் திறந்தான். சிங்களத்தில் சரளமாகப் பேசுகிறவனுக்கு அன்றைக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. உதடு மட்டும் கோணியது. பேக்கரிக்காரன் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு கட்டிய பொட்டலம் ஒன்றைப் பிரித்து நான்கு பனிஸை எடுத்துக் காகிதத்தில் சுற்றி அவன் கையில் திணித்தான்.

"ஹோட்டலில் யாரோ நான்கு பேருக்கு இன்றைக்குப் பசி இருக்காது. நீ போ."

பஸ் இறங்கி மேட்டில் ஏறும்போதே வெங்காயமும் இறைச்சியும் பொரியும் வாசம் வந்தது. அவன் ஓடினான். வாசலில் நின்றுவிட்டான்.

அடுப்புக்கு முன்னால் மீனம்மா உட்கார்ந்திருந்தாள். மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வெங்காயத்தாலா, குமட்டலாலா, வேறு எதனாலா என்று சொல்ல முடியாது. அன்றைக்கு வேலைக்கே போகவில்லை. கத்தியால் அந்த இறைச்சியைக் கொத்தியதும் அவள்தான். உள்ளறையிலிருந்து பெற்றீசியா ஒவ்வொரு சொல்லாக, நடுவில் மூச்சு வாங்கி வாங்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாண் துண்டு... பால்ல ஊற வச்சது... பிழிஞ்சு போட்டியா?"

"போட்டாச்சுக்கா."

"மிளகு?"

"போட்டாச்சு."

"தீய... தணிச்சு வை. சிவக்கிறதுக்கு... முன்னாடி... பெரட்டாத."

"பெரட்டலக்கா. நீங்க பேசாம இருங்க, நான் பாத்துக்கிறேன்."

அலோசியஸ் என்னவோ சொல்லப் போனான். மீனம்மா கரண்டியைக் காட்டி அவனை அடக்கினாள்.

"அண்ணே, ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க வந்து செஞ்சு முடிக்கிறதுக்குள்ள நேரம் ஆயிரும்னு அக்கா சொல்லிச்சு. எங்க மாமியா கொழுந்து மலைக்குப் போயிருக்கு. அது வர்றதுக்குள்ள தலைக்குத் தண்ணி ஊத்திருவேன்."

அவன் பனிஸைப் பிளந்து, கல்லில் பட்டர் தடவி, வெட்டுவாய் லேசாகச் சிவக்கும்வரை வாட்டினான். உள்ளே இறைச்சியை வைத்தான். மெல்லிசாக ஒரு வட்டம் வெங்காயம் வைத்து மூடினான். பெற்றீசியாவின் இரண்டு கையிலும் கொடுத்து, கீழே தன் கையை ஏந்திக்கொண்டான்.

அவள் கடித்தாள். இறைச்சி பின்பக்கம் ஓடவில்லை. சாறு சொட்டாகக்கூட வெளியே வரவில்லை. மெதுவாக மென்றாள். அலோசியஸ் அவள் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் மீனம்மா துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி நின்றாள்.

"இதுதாங்க பனிஸ்" என்றாள் பெற்றீசியா.

"இறைச்சி எப்படிக்கா வந்திருக்கு? சரியா இருக்கா?" மீனம்மா கேட்டாள். "வாயில வச்சுப் பாக்காம செஞ்சது."

பெற்றீசியா இன்னொரு வாய் கடித்து, மென்று, விழுங்கினாள். பிறகு மீனம்மாவைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள்.

"துரைசாணி செஞ்சதவிட நல்லாருக்குடி."

மீனம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வாரக்கணக்கில் ஒரு கிள்ளுக்கு மேல் போகாதவள் அன்றைக்குப் பாதிப் பனிஸ் தின்றாள். ஒவ்வொரு வாய்க்கும் இளைப்பாறி, மறுபடி தொடங்கி, அலோசியஸ் போதும் போதும் என்று சொல்லும்வரை தின்றாள்.

"நீங்க ஒரு வாய்" என்று நீட்டினாள்.

"பாஸ்குக்குத்தான். நான் சீக்காளி இல்லையே."

"ஆமா" என்றாள். "மீனம்மா, அண்ணனுக்கு ஒண்ணு எடுத்து வை. பாஸ்கு அன்னைக்குச் சாப்பிடட்டும். மறந்துராத."

பெரிய வியாழனன்று அவள் அதிகம் பேசவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலையில், மலையிலிருந்து பனி இறங்கித் தொழிற்சாலைக் கூரையை மூடியிருந்த நேரத்தில், அலோசியஸின் தோளில் சாய்ந்தபடி மூச்சை நிறுத்திக்கொண்டாள். அவன் தோளை அசைக்காமல் வெயில் வரும்வரை அப்படியே இருந்தான்.

பெரிய வெள்ளியில் செத்தவளுக்கு மணி அடிக்க முடியாது. ஆண்டவர் கல்லறையில் இருக்கும் நேரம் கோயில் மணிக்கு வாய் கட்டிவிடுவார்கள். பூசையும் கிடையாது. சனிக்கிழமை காலை, மரக்கட்டையைத் தட்டும் சத்தம் மட்டும் முன்னால் போக, வீரய்யாவும் லயத்து ஆட்களும் தோள் கொடுக்க, அவளைத் தேயிலை மலைக்குக் கீழே உள்ள கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டு போனார்கள். சாமியார் சுருக்கமாகச் செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்துக் குழியை மந்திரித்தார். மண் போடும் சத்தம், மணி இல்லாததால், ரொம்பப் பெரிதாகக் கேட்டது. வீரய்யா அன்று முழுக்க அலோசியஸின் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஒரு கேலி பேசவில்லை. அதுவே பெரிய துக்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் மணி அடித்தது. வாய் கட்டிக் கிடந்ததையெல்லாம் சேர்த்து ஒரேயடியாக அடித்தது. ஆட்கள் அல்லேலூயா சொல்லிக் கை கொடுத்துக்கொண்டார்கள். அலோசியஸுக்குக் கை கொடுத்தவர்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் அவன் கையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்து வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மீனம்மா வாசலில் மூடிய சட்டியோடு நின்றாள்.

"தெனமும் ரெண்டு வேளை சூடு காட்டி வச்சிருக்கேன்ண்ணே. கெடல. அக்கா மறக்காதன்னு சொல்லிச்சுல்ல."

நேற்றைக்குப் புதைத்துவிட்டு வந்த வீட்டில் மீனம்மா அந்தச் சட்டியை மறக்காமல் சூடுபடுத்தியிருக்கிறாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. காகிதத்தில் மிச்சமிருந்த பனிஸில் ஒன்றை எடுத்தான். காய்ந்திருந்தது. தண்ணீர் தெளித்துக் கல்லில் வாட்டியதும் ஓரளவு உயிர் வந்தது. இறைச்சியை உள்ளே வைத்து மூடி, கட்டிலின் ஓரத்தில், வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்கார்ந்து கடித்தான்.

முதல் வாயை மெல்லும்போதே தாடை நின்றது.

உப்பு இல்லை.

கொஞ்சம் குறைவு என்றில்லை. ஒரு கல் உப்புக்கூட அதில் விழவில்லை. மிளகின் காரமும் இறைச்சியின் வெறுமையும் மட்டும் நாக்கில் சப்பென்று பரவியது. புதன்கிழமை உள்ளறையிலிருந்து வந்த குரலை அவன் நினைத்துப் பார்த்தான். பாண் துண்டைச் சொன்னாள், மிளகைச் சொன்னாள், தீயைச் சொன்னாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் உப்பு எங்கேயோ தவறிவிட்டது. மீனம்மாவோ வெள்ளைக்காரச் சாப்பாடு, சொன்னதுக்கு மேல் ஒன்றும் போடக் கூடாது என்று இருந்திருக்கிறாள். வாயில் வைத்துப் பார்க்க அவளுக்குச் சாமி குற்றம். அவனுக்குத் தபசு காலம். ருசி பார்க்கத் தோதான நாக்கு அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அந்த நாக்குதான் துரைசாணி செய்ததை விட நன்றாக இருக்கிறது என்று சொன்னது. ஒவ்வொரு வாயாக, மூச்சைப் பிடித்துப் பிடித்து, பாதிப் பனிஸ். எத்தனை வருஷத்து ஆசை. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு சிட்டிகை தூவிக் கொடுத்திருப்பான். சொன்னால் மீனம்மாவின் முகம் என்ன ஆகும் என்று அவள் பார்த்திருக்கிறாள். அவன் முகமும்தான்.

பிடித்து வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் உடைந்தது. வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அலோசியஸ் குலுங்கினான். கல்லறையில் வராத அழுகை.

மீனம்மா பதறிப்போய் உள்ளே ஓர் அடி வைத்தாள்.

"என்னண்ணே? கெட்டுப் போச்சா? நல்லால்லையா?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். வாயில் இருந்ததை மென்று விழுங்கினான்.

"நல்லாருக்கு தாயி. அவ சொன்ன மாதிரியே இருக்கு."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமாத்தான்."

மீனம்மா வாசல் நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள். "பயந்துக்கிட்டே இருந்தேன்ண்ணே. அக்காவோட கடைசிச் சாப்பாடு, நான் தொட்டுக் கெடுத்திருவேனோன்னு" என்று சொல்லிவிட்டு, யாரும் தேற்றத் தேவையில்லாத ஒரு நிம்மதியான அழுகையை அழுதாள்.

அடுப்புத் திட்டின் மேல் உப்புச் சாடி இருந்தது. எழுந்து கையை நீட்டினால் எட்டும். அவன் எழவில்லை. பனிஸை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு பொடியும் கீழே விழாமல், கடைசி வாய் வரைக்கும் மெதுவாகத் தின்றான்.